விட்டுப்போன பத்தி

கதைப் புத்தகம் என்றாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவன் நான். கதவு ஏன் மூடவில்லை, மோட்டார் ஏன் சூடாகிறது என்று விடை இருக்கிற கேள்விகளோடு மல்லுக்கட்டிப் பழகியவனுக்கு, இல்லாத ஒருத்தி இல்லாத ஒருவனை நினைத்து அழுவதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் பொறுமை வராது. ஆனால் என் ராசியைப் பாருங்கள், கட்டிக்கொண்டது கதை படிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளை.

என் மனைவி ஒலிப்புத்தகம் வாசிக்கிறவள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக் கொடுப்பாள். பஸ்ஸில் போகிறவர்கள், சமைக்கிறவர்கள், கண் தெரியாதவர்கள் என்று முகம் தெரியாத யார் யாரோ அவள் குரலில் கதை கேட்கிறார்கள். ஸ்டுடியோவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒரே மூச்சு'. மற்றவர்கள் பக்கத்துக்குப் பத்து இடத்தில் தடுக்கிவிழுந்து மறுபடி ஆரம்பிப்பார்களாம். இவள் அத்தியாயத்தைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். ஒரு வரியை விட்டுவிட்டாள் என்று அவளைப் பற்றி யாரும் சொன்னது கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருப்பது?

அவளுக்குப் போய் அல்சைமர் என்று சொன்னார்கள்.

டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவள் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "படிக்கிறது போயிடுமா டாக்டர்?"

"மனசுல நிக்கறது குறையும்மா. ஆனா எழுத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறது சிலருக்கு ரொம்ப நாள் அப்படியே இருக்கும்."

"அப்போ நான் அந்தச் சிலர்ல ஒருத்தி" என்றாள். ஏதோ அவரே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி எழுந்து நடந்தாள். நான்தான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு தடுமாறினேன்.

இந்த நிலையில்தான் பதிப்பகத்திலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வந்தார். ஒலிப்புத்தகங்களைப் பார்த்துக்கொள்பவர், நிதானமான மனுஷி. புதிதாக வந்த ஒரு நாவலை மேஜைமேல் வைத்தார். ஹார்டுவேர் கடை நடத்திய ஒருவருக்கு அல்சைமர் வருகிறது, அவரோடு காலம் தள்ளுவதை அவர் மனைவி சொல்வதுதான் கதை என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறார்களா என்று கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. அவருக்கோ விஷயமே தெரியாது.

இவள் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கும் அதே வியாதிதான். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?" என்றாள்.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுக்கப் போனவரின் கையை இவள் தடுத்தாள். அங்கேயே ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்க்குள் படித்தாள். திடீரென்று சிரித்தாள்.

"இதை வேற யார்கிட்ட கொடுத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே படிப்பாங்க. அந்த மனுஷன் சாப்பாட்டைக் குறை சொல்ற இடத்தைப் பாருங்க, எவ்வளவு சிரிப்பா இருக்கு! வியாதி வந்தா மனுஷனுக்கு நக்கல் போயிடுமா என்ன? நான் படிக்கிறேன். எனக்கு நேத்து மறந்து போகும், கண்ணு முன்னால இருக்கிற எழுத்து எங்கே போகும்?"

மேடம் சம்மதித்தார். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார். ஒரு புத்தகத்துக்கு ஒரு குரல்தான். நடுவில் முடியாமல் போனால், படித்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வேறொருவர் முதலிலிருந்து படிப்பார். இவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "என்னங்க, இது என் கடைசிப் புத்தகம். இதை மட்டும் நான் முழுசா முடிச்சுடணும். ஒரு வரி விடாம."

அப்படி ஆரம்பித்ததுதான். காலையில் நாவலிலிருந்து நகலெடுத்த, அன்றைக்குரிய தாள்களை எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருவாள். மூச்சு எடுக்கிற இடத்தில் சாய்கோடு, அழுத்துகிற சொல்லுக்கு அடிக்கோடு. பிறகு காரில் ஏறுவோம். ஏறியதும் வழக்கமான கேள்வி வரும்.

"இன்னைக்கு என்ன புத்தகம்?"

முன்தினம் வரை படித்த கதை அவளிடம் இருக்காது. அதனால் நான் முன்கதை சொல்ல வேண்டும். கதைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்டவன் ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்து தினமும் கண்ணும் கருத்துமாகக் கேட்டு, மறுநாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கிறேன்.

"ஒரு ஆளு. ஹார்டுவேர் கடை வச்சிருந்தாரு. கடையை வித்தாச்சு, ஆனா வித்தது அவருக்கு மறந்து போச்சு. ராத்திரியானா கடையைச் சாத்தியாச்சான்னு கேட்டுப் பொண்டாட்டி உயிரை வாங்கறாரு. அவ ஒரு சிடுமூஞ்சி, வள்ளுனு விழறா."

"பாவம், அவளுக்கும் கஷ்டம்தானே" என்பாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும் இதே வியாதிதானே?" என்பாள்.

"ஆமா."

"அப்போ நீங்கதான் அந்தச் சிடுமூஞ்சி!"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள். தினமும் அதே இடத்தில் அதே நக்கல்தான். அவளுக்கு அது அன்றைக்குத்தான் புதிதாகத் தோன்றியது. எனக்கும் ஏனோ தினமும் சிரிப்பு வந்தது.

ஸ்டுடியோவில் எல்லாம் கத்தரியின் ராஜ்யம். ஒலிப்பதிவு பார்ப்பவன். ஒலிநாடா காலத்தில் பிளேடு வைத்து நாடாவை வெட்டி ஒட்டியவன் என்பதால் அந்தப் பெயர். இப்போது கம்ப்யூட்டரில் வெட்டுகிறான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த பிறகும் என் மனைவியை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். அந்த உறவின் பேரில் நான் 'மாமா' ஆகிவிட்டேன், கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா?

அவள் உள்ளே போவதற்கு முன் வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுப்பாள். மேஜைமேல் துண்டை விரித்துத் தாள்களைத் தனித்தனியாக வைப்பாள், புரட்டுகிற சத்தம் மைக்கில் விழக்கூடாது. வாய் உலர்ந்து சப்புக்கொட்டாமல் இருக்க ஆப்பிளில் ஒரு கடி. அப்புறம் கத்தரி முந்தின நாள் பதிவின் கடைசி வரிகளைப் போட்டுக் காட்டுவான். விட்ட இடத்தின் சுருதியைப் பிடித்துக்கொள்ளத்தான் அது. எல்லாருக்கும் செய்வதுதான்.

இவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். கேட்டுவிட்டு ஒருநாள், "யாருடா இவ? நல்லா படிக்கிறாளே!" என்றாள்.

கத்தரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்கதான் அக்கா."

"அப்படியா?" என்றாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, அப்போ அவளைவிட நல்லாப் படிக்கணும்" என்று மைக்கை இழுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் அசந்து போனேன். வீட்டில் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாமல் நிற்கிறவள், எழுத்தின் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறாள். ஹார்டுவேர்காரர் பேசினால் எனக்கு அவர் மேஜைமேல் ஆணி கொட்டிக் கிடப்பது தெரிகிறது. அவர் மனைவி வள்ளென்று விழுந்தால் நான் திடுக்கிட்டு நேராக உட்காருகிறேன். இல்லாத ஒருத்தி இல்லாத ஒருவனிடம் கத்துகிறாள், எனக்கு வியர்க்கிறது. இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் வெளியே காரில் தூங்கியிருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நடுவில் ஒருநாள் எனக்குப் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் பழைய லிஃப்ட், என்னைத் தவிர யாருக்கும் அடங்காது. அவளைக் கத்தரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். மறுநாள் முன்கதை சொல்ல வேண்டுமே என்று அவனிடம் விசாரித்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல மாமா. அவரைக் குளிப்பாட்டறாங்க, படுக்க வைக்கிறாங்க. அவ்வளவுதான்" என்றான். நானும் அதையே ஒப்பித்தேன். கதை நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் என்கிற நிலைமை வந்தபோது மேடத்திடமிருந்து போன் வந்தது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் சாப்பாட்டு மேஜையில் பென்சிலோடு இருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"சார், எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி புத்தகத்தை வச்சுக்கிட்டுப் பதிவு முழுக்கக் கேட்டுப் பார்த்தா. ஒரு பத்தி விட்டுப்போயிருக்கு. படுக்கப்போறப்போ அவர் கடையைப் பத்திக் கேக்கற இடம். அதுதான் சார் இந்தக் கதைக்கே உயிர். விட்டதுகூடத் தெரியாம மேல படிச்சிட்டுப் போயிருக்காங்க. கடைசி அத்தியாயம் இதைவிடக் கஷ்டம். அவங்களை இதுக்கு மேல சிரமப்படுத்த வேண்டாமேன்னு தோணுது. வேற ஒருத்தரை வச்சு முதல்லேர்ந்து..."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

போனை வைத்த பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். அதில் அவள் கைப்பட மூச்சுக்கோடுகள் இருந்தன.

"பாருங்க, கோடு போட்டிருக்கேன். போட்டுட்டு விட்டிருக்கேன். அது இன்னும் மோசம்."

"நீ விட்டிருக்க மாட்டே" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அன்னைக்கு அங்கே இருந்தீங்களா?"

அது நான் ஆஸ்பத்திரி லிஃப்ட் பார்க்கப் போன நாள், நான் இல்லை. அவளுக்கோ நினைவில்லை. அவளுக்காகச் சாட்சி சொல்ல அவளே இல்லாமல் போனதுதான் அந்த வியாதியின் அநியாயம். பழைய 'ஒரே மூச்சு' ஆக இருந்தால், 'நானா? வரியை விட்டேனா?' என்று அந்தப் பதிப்பகத்தையே ஒரு வழி பண்ணியிருப்பாள். இவள் சண்டை போடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கூட்டுக்குள் வைத்தாள். "போதும்ங்க. நல்லா இருக்கும்போதே நிறுத்திக்கணும்னு நினைச்சேன். கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றாள்.

நான் அந்தப் பத்தியை எடுத்துப் படித்தேன்.

"கடையைச் சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு."

"பூட்டு?"

"பூட்டியாச்சு."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு. தூங்குங்க."

அதைச் சுற்றி, போர்வையை இழுத்துவிடுவதும் விளக்கை அணைப்பதுமாகச் சில வரிகள். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. முந்தின அத்தியாயத்தின் தாள்களைப் புரட்டினேன். அட, அங்கேயும் அதே பத்தி! போர்வை, விளக்கு, சாவி, எழுத்துக்கு எழுத்து அதேதான். என் ரத்தம் கொதித்தது. அச்சடித்தவன் தூங்கி வழிந்து ஒரே பத்தியை இரண்டு தடவை போட்டிருக்கிறான். என் மனைவி அதைக் கண்டுபிடித்து, சரியாக, ஒரு தடவை விட்டிருக்கிறாள். இவர்கள் செய்த தப்புக்கு அவளுக்குப் பழியா?

மறுநாள் காலையிலேயே பதிப்பகத்துக்குப் போனேன். மேடத்தின் மேஜைமேல் இரண்டு தாள்களையும் பரப்பி வைத்தேன்.

"உங்க புத்தகத்துல ஓட்டையை வச்சுக்கிட்டு என் பொண்டாட்டியைக் குறை சொல்றீங்களா? நல்லாப் பாருங்க. ஒரே விஷயத்தை ரெண்டு தடவை அடிச்சு வச்சிருக்கீங்க!"

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"அது தப்பில்ல சார். எழுதினவங்க வேணும்னேதான் அப்படி எழுதியிருக்காங்க."

"ஒண்ணையே ரெண்டு தடவையா? இதுக்குப் பேரு எழுத்தா?"

"முதல் தடவை அந்த மனைவி எரிச்சல்ல பதில் சொல்றாங்க. கடைதான் இல்லையே, எதுக்கு இந்தப் பொய்னு வெறுப்பு. நடுவுல அவங்க மாறிடறாங்க. அவர் கேக்கறது கடையை இல்ல, எல்லாம் பத்திரமா இருக்கா, நான் தூங்கலாமான்னுதான் கேக்கறார்னு புரிஞ்சிடுது. ரெண்டாவது தடவை அதையே அன்பாச் சொல்றாங்க."

"அது எங்கே எழுதியிருக்கு? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"எழுத்துல ஒண்ணுதான் சார். வித்தியாசத்தைப் படிக்கிறவங்கதான் கொண்டுவரணும்." தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அதுக்காகத்தான் உங்க மனைவியைத் தேடி வந்தேன்."

அசடு வழிய இரண்டு தாள்களையும் மடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கட்டடத்து லிஃப்ட்கூட என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. இப்போது நிலைமை முன்னைவிட மோசம். எந்த இடத்துக்காக அவளைத் தேடி வந்தார்களோ, அந்த இடத்தையே அவள் விட்டிருக்கிறாள்.

அவள் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையும் வெந்நீர் பிளாஸ்கும் ஸ்டுடியோவில் கிடந்தன. எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம் என்று அங்கே போனேன். கத்தரியிடம் நடந்ததைச் சொன்னேன். எந்தப் பத்தி என்று கேட்டான். தாள்களைக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா... அக்கா அதை விடலை."

"பின்னே?"

"படிச்சாங்க. நான்தான் வெட்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். இந்தப் புத்தகத்தில் சில இடங்களில் அவள் படித்த வரியையே திரும்பப் படித்தது உண்மைதானாம், சோபாவில் இருந்த எனக்கே அது தெரியவில்லை. நிறுத்திச் சொன்னால் அவள் முகம் வாடிவிடும் என்று, பேசாமல் விட்டு, பிறகு அதை மட்டும் வெட்டிவிடுவானாம். அன்றைக்கு 'கடையைச் சாத்தியாச்சா' என்று காதில் விழுந்ததும், இது முன்பே வந்ததாயிற்றே, அக்கா பழைய தாளை எடுத்துப் படிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். வழக்கம்போல யாருக்கும் தெரியாமல் வெட்டிவிட்டான்.

"புத்தகத்தைப் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"அக்கா படிச்சா நான் என்னைக்கு மாமா தாளைப் பார்த்திருக்கேன்?"

கோபத்தில் பிளாஸ்கைத் தூக்கி அடித்திருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. வருஷக்கணக்காக அவளை நம்பித் தாளையே பார்க்காதவன், வியாதி என்று தெரிந்த பிறகு அவள் சரியாகப் படித்ததையும் வியாதி என்று நினைத்துவிட்டான். காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தான். அன்றைக்கு அந்தச் சோபாவில் நான் உட்கார்ந்திருந்தாலும், 'வெட்டிடு, அவளுக்குத் தெரிய வேண்டாம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

"வெட்டினது இருக்கா, போச்சா?"

"அக்கா இருமினதைக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல மாமா."

அவளைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது, வர மாட்டேன் என்பது மட்டும் உறுதியாக நின்றது. கத்தரிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கூட்டிப்போனேன். நான் போனில் கூப்பிட்டிருந்ததால் மேடமும் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கத்தரி முதலில் பழைய அத்தியாயத்துப் பத்தியைப் போட்டான்.

நான் ஏற்கெனவே கேட்டதுதான். "சாத்தியாச்சு. பூட்டியாச்சு" என்று வார்த்தைகளை அவர் முகத்தில் விட்டெறிகிறாள். "தூங்குங்க" என்று சொல்லும்போது டப்பாவை மூடுகிற மாதிரி ஒரு சத்தம்.

பிறகு வெட்டிய பத்தியைப் போட்டான்.

அதே கேள்வி. "சாத்தியாச்சு" என்கிறாள். அவசரமே இல்லை. கடையின் ஷட்டரை இப்போதுதான் இறக்கிவிட்டு, அதன் கனம் கையில் இருக்க வந்தவள் சொல்வது போல இருக்கிறது. "பூட்டியாச்சு." பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்று நம்பத் தோன்றுகிறது. "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று அவர் கேட்டதும் ஒரு சின்ன இடைவெளி. இல்லாத சாவியை மடியில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். "என்கிட்டதான் இருக்கு. தூங்குங்க."

எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. முதல் பத்தி அவளுக்கு நினைவில் கிடையாது. வெறுத்தவள் எப்படி மாறினாள் என்பதும் கிடையாது, நான்தான் தினமும் சிடுமூஞ்சி, சிடுமூஞ்சி என்றே ஒப்பித்துக்கொண்டிருந்தேனே. கண் முன்னால் இருந்த அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் மனசு மாறிவிட்டதை எழுத்துக்குள்ளிருந்தே கண்டுபிடித்திருக்கிறாள். என் முன்கதை தப்பு, அவள் வாசிப்புச் சரி. இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் என்று பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது.

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். எல்லாரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதுல 'தூங்குங்க'வுக்கு முன்னால மூச்சு கேக்குது" என்றாள். "அதை எடுத்துடுடா."

கத்தரி சிரித்துக்கொண்டே அழுதான். "இனிமே நான் எதையும் எடுக்க மாட்டேன்க்கா."

"இது நான் படிச்சதா?"

"நீங்கதான். நீங்க ஒண்ணும் விடலை. நான்தான் முட்டாள்தனமா வெட்டிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் விடலையாங்க?"

"ஒரு வரி கூட விடலை."

அவள் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கைக்கடிகாரத்தையும் கொடுத்தாள். கடைசி அத்தியாயத்துத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், மேஜைமேல் துண்டை விரித்தாள். மேடம் வேறு குரலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை அவள் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. நடுவில் நிறுத்தினாள், தாளை மாற்றி எடுத்தாள், ஒரு இடத்தில் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஆளு யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி படித்தாள். கத்தரி இந்தத் தடவை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகத் தொடர்ந்தான். கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் ஆப்பிளைக் கேட்டபோது, நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டினோம். அவளுக்குக் கேட்டிருக்காது, ஆனால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. இப்போது பதிவு எதுவும் கிடையாது. ஆனால் அவள் தினமும் கிளம்பிவிடுகிறாள், பென்சிலோடும் கண்ணாடியோடும். அதனால் நானும் காரை எடுக்கிறேன். சும்மா ஒரு சுற்று.

"இன்னைக்கு என்ன புத்தகம்?"

முன்கதை சொல்கிற வேலை எனக்குப் போய்விட்டது. அவள் படித்ததையே காரில் போட்டுவிடுகிறேன். தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

"யாருங்க இது? நல்லா படிக்கிறாங்களே."

"எனக்கு வேண்டப்பட்ட பொம்பளைதான்."

"உங்களுக்கு எப்படி வேண்டப்பட்டவ?" என்று குரல் கொஞ்சம் உறைக்கும்.

"கட்டிக்கிட்டேன்."

"நானா!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முழுசாக முடியாது. ஏதோ நினைவு வந்தவள் போல முகம் மாறும். ஸ்டுடியோவில் எல்லாரும் சேர்ந்து கேட்டது, கத்தரி அழுதது, கைதட்டியது, எதுவும் அவளிடம் இல்லை. அன்றைக்கு மேஜையில் பென்சிலைக் கீழே வைத்தாளே, அந்த வலி மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது.

"என்னங்க, இதுல நான் ஏதோ விட்டுட்டேன் இல்ல?"

"ஒரு வரி கூட விடலை."

"நிஜமாவா?"

"நிஜமா."

நிம்மதியாகச் சாய்ந்துகொள்வாள். கதை ஓடும். அடுத்த சிக்னல் வருவதற்குள் அவள் கை என் கையைத் தேடும். மறுபடி கேட்பாள். முன்பெல்லாம் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். இப்போது வண்டியை மெதுவாக்கி, முதல் தடவை சொல்வது போலவே சொல்கிறேன். அந்த நாவலில் வருகிறவளுக்கு இல்லாத சாவியை இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"ஒரு வரி கூட விடலை" என்கிறேன். அது உண்மை.